ஐந்தாவது குறிப்பு

மகேஸ்வரிக்குத் தெரியாத பாடம் கிடையாது. சமூகவியல் தெரியும், கணக்குப் பதிவு தெரியும். ஃபிட்டர் வேலைக்கு அரத்தை எப்படிப் பிடிப்பது, நோயாளிக்கு நாடி எங்கே பார்ப்பது, ரவிக்கைத் துணியை எப்படி மடித்து வெட்டுவது, எல்லாம் தெரியும். ஆனால் எதிலும் முதல் இரண்டு அத்தியாயம்தான். மூன்றாவதைத் தொட்டால் அவளுக்கே தலை சுற்றும்.

கல்கத்தாவில், பெஹாலாவில் மதுதாவின் ஜெராக்ஸ் கடையில் அவள் வேலை பார்க்கிறாள். கடைக்கு எதிரே ஒரு கல்லூரி. பின்சந்தில் ஐ.டி.ஐ. மாடியில் நர்சிங் உதவியாளர் பயிற்சி. இரண்டு கடை தள்ளி தையல் வகுப்பு. சேர்ந்த புதிதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் முழிப்பார்கள். புத்தகம் தடிமனாக இருக்கும், வாத்தியார் பாதி நாள் வரமாட்டார், வந்தால் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்படி ஒரு பெண் கொண்டுவந்த அரைகுறைக் குறிப்பைப் பிரதி எடுக்கும்போதுதான் மகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. பாதி வாக்கியத்தில் பக்கம் முடிந்திருந்தது. அந்தப் பெண்ணின் பாடப் புத்தகத்தை வாங்கிப் படித்து, விட்டுப்போனதை நிரப்பி, கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அந்த வகுப்பே வந்து கடை வாசலில் நின்றது.

அப்படித் தொடங்கியதுதான் மகேஷ்தீயின் நோட்ஸ். இங்கே அண்ணன் என்றால் தாதா, மது அண்ணன்தான் மதுதா; அக்கா என்றால் தீதி. பிள்ளைகள் அதையும் சுருக்கிப் பேரோடு ஒட்டிவிட்டார்கள். மஞ்சள் அட்டை, ஒவ்வொரு வரையறைக்கும் ஒரு கட்டம், ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி. ஓர் எழுத்து கோணலாக விழுந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எடுப்பாள். "இது என்ன கல்யாணப் பத்திரிகையா?" என்று மதுதா தலையில் அடித்துக்கொள்வார்.

அவள் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால் ஐந்து குறிப்பு இருக்க வேண்டும். புத்தகத்தில் நான்குதான் இருந்தால், அந்த விஷயத்தைத் தன் வாழ்க்கையில் எங்கே பார்த்தோம் என்று யோசித்து, ஐந்தாவதைத் தானே எழுதிச் சேர்த்துவிடுவாள். அரத்தைப் பராமரிக்கும் முறைகளில் ஐந்தாவது: அடுத்தவரிடம் வாங்கிய அரத்தை அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். நோயாளியைக் கவனிப்பதில் ஐந்தாவது: கட்டிலைத் தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தான் இல்லாததைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஒரு வரிசையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தால் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஹவுரா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். மகேஸ்வரி பதினொன்றாவது படிக்கும்போது அவர் படுத்துவிட்டார். அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள், தம்பி பிரேம்குமார் விடவில்லை. இன்றைக்கு அவன் கல்லூரியில் சமூகவியல் பேராசிரியர். லேக் கார்டன்ஸில் வீடு. கடையில் யார் எதைப் பற்றிப் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் தம்பியைக் கொண்டுவந்துவிடுவாள். "வந்துட்டாருடா பேராசிரியர்" என்பார் மதுதா.

ஆனால் தம்பியிடம் நோட்ஸைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை. அக்கா ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்கிறாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். எல்லாப் பாடத்தையும் பிழை இல்லாமல் முடித்து, மொத்தமாக பைண்டிங் போட்டு, ஒரு நாள் அவன் கையில் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சமூகவியலை மட்டும் மற்றவற்றைவிட இரட்டிப்புக் கவனத்தோடு செய்திருந்தாள். அது அவன் பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் லேக் கார்டன்ஸ் போயிருந்தாள். பிரேமின் மனைவி சுப்ரியா கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிரேம் பருப்பைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

"அக்கா, ஒரு ஜோக் கேளு. ஃபர்ஸ்ட் செமஸ்டர் பேப்பர் திருத்திட்டிருக்கேன்ல? குடும்பத்தோட அம்சங்கள் என்னன்னு ஒரு அஞ்சு மார்க் கேள்வி. நாலு சரியா எழுதியிருக்காங்க. அஞ்சாவது என்ன தெரியுமா? 'குடும்பத்தில் மூத்த பிள்ளை, எல்லாரும் சாப்பிட்ட பிறகே சாப்பிடும்.'"

சுப்ரியாவுக்குப் புரை ஏறியது. "எந்த வீட்டுலங்க? எங்க வீட்டு தாதா முதல் ஆளா உக்காந்து மீன் தலையை எடுத்துக்குவான். அப்புறம்தான் எங்களுக்குத் தட்டே வரும்."

"ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு நாளா இதே கூத்துதான். யாராவது டிபன் டப்பாவைத் திறந்தா, 'நீங்க மூத்தவரா? அப்ப மூடி வைங்க'ன்னு ஆரம்பிச்சிடறாங்க. எந்த மேதாவி எழுதிக் கொடுத்தானோ!"

மகேஸ்வரியும் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சும்மா இருக்க முடியாதே. சிரித்து முடித்ததும் காது மடல் கொதித்தது. அந்த வரியை எழுதிய நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. புத்தகத்தில் இருந்த நான்கையும் கட்டம் கட்டிவிட்டு, ஐந்தாவதுக்கு ரொம்ப யோசிக்காமல், எல்லா வீட்டிலும் இப்படித்தானே என்று நினைத்து எழுதியிருந்தாள்.

"அந்த நாலுக்கு மார்க் போட்டுட்டியா?"

"எங்கே போடறது? ஒரே சென்டர்ல பாதிப் பேர் வார்த்தைக்கு வார்த்தை இதையே எழுதியிருக்காங்க. காப்பி அடிச்சதுதான். ரஞ்சன் பாபு கோவத்துல இருக்கார். அவர்தான் எங்க தலைமைத் தேர்வாளர். செவ்வாய்க்கிழமை எங்க காலேஜுக்கு வரார். அன்னிக்கு லிஸ்ட் போட்டு அனுப்பிடுவார். அந்தப் பேப்பர் மொத்தமும் ரத்து. திரும்ப அடுத்த வருஷம்தான்."

"மனப்பாடம் பண்ணி எழுதியிருந்தா?"

"எதை மனப்பாடம் பண்றது? எந்தப் புத்தகத்துலயும் இல்லையேக்கா." அவன் குழம்புக்குக் கை நீட்டினான். "நீ ஏன் சாப்பிடாம உக்காந்திருக்கே?"

"பசிக்கலைடா."

"பாருங்க, அக்காதான் மூத்தவங்க!" என்று சுப்ரியா வேடிக்கையாகத்தான் சொன்னாள். பிரேம் விழுந்து விழுந்து சிரித்தான். மகேஸ்வரி தட்டைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு கவளமாக விழுங்கி முடித்தாள்.

மறுநாள் கடையைத் திறந்ததுமே சஹானா வந்து நின்றாள். எதிர்க் கல்லூரி மாணவி, அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அவர்கள் வீட்டிலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். கையில் சந்தேஷ் பெட்டி.

"மகேஷ்தீ, வாயைத் திற. பரீட்சை ரொம்ப நல்லா எழுதியிருக்கேன். குடும்பத்தைப் பத்திக் கேள்வி வந்தது. உன் அஞ்சு பாயிண்ட்டும் அப்படியே! ஒண்ணுகூட விடலை. அடுத்த செமஸ்டருக்கும் போடுவேதானே?"

அவள் ஊட்டிய இனிப்பு மகேஸ்வரியின் வாயில் கரையாமல் கிடந்தது.

அந்தப் பெண் போனதும் மதுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேப்பர் கட்டைப் பிரித்தபடியே கேட்டார்.

"அதுக்கு நீ என்ன செய்யப்போறே? ஊரெல்லாம் நோட்ஸ் விக்கறான். மஞ்சள் அட்டையில உன் பேரா போட்டிருக்கு? வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

"காப்பி அடிக்காத பிள்ளைங்களுக்கு அந்தப் பேர் வந்துரும் மதுதா."

"தம்பிகிட்ட போனைப் போட்டுச் சொல்லிடு. அவர் பாத்துப்பார்."

அதைத்தான் அவள் இரவெல்லாம் புரட்டிப் பார்த்திருந்தாள். தம்பியிடம் சொன்னால் அவன்தான் போய்ச் சொல்ல வேண்டும். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தாள் திருத்துகிறவனுடைய அக்கா நோட்ஸ் விற்கிறாள் என்று தெரிந்தால், கேள்வியும் வீட்டிலிருந்துதான் போயிருக்கும் என்று பேச எவ்வளவு நேரம் ஆகும்? அவன் இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போய்விடும். அவன் பேர் வெளியே வரக் கூடாது. அந்தப் பெண்களும் தப்ப வேண்டும். அப்படியென்றால் யாரோ ஒரு கடைக்காரியாகத்தான் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, நோட்ஸையும் அது எடுக்கப்பட்ட பாடப் புத்தகத்தையும் பையில் வைத்துக்கொண்டு பிரேமின் கல்லூரிக்குப் போனாள். அவன் வேலையில் சேர்ந்த அன்று அந்த வாசல்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். உள்ளே போவது இதுதான் முதல் தடவை. காவல்காரர் மாடியைக் காட்டினார்.

நீளமான மேஜை, விடைத்தாள் கட்டுகள். நடுவில் மூக்குக் கண்ணாடியும் கம்பளிச் சட்டையுமாக ஒரு பெரியவர். அவர்தான் ரஞ்சன் பாபு. அவருக்குப் பக்கத்தில் பிரேம். அக்காவைப் பார்த்ததும் அவன் பாதி எழுந்தான்.

"வணக்கம் சார்" என்றாள் மகேஸ்வரி. வங்காளத்தில்தான் சொன்னாள். பெரியவருக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. "வணக்கம் சார்."

பிரேம் திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

அவள் தன் பேரையும் விஷயத்தையும் சொன்னாள். ஜெராக்ஸ் கடை, நோட்ஸ், அந்த வரி. பிள்ளைகள் யாரையும் பார்த்து எழுதவில்லை, இதை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறார்கள். ரஞ்சன் பாபு மஞ்சள் அட்டையைத் திருப்பினார், அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார், பிறகு பாடப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்.

"இதில் நான்குதான் இருக்கிறது. ஐந்தாவது எங்கிருந்து வந்தது?"

"நான் எழுதினது சார்."

"எதைப் பார்த்து?"

"எதையும் பார்க்கலை. கேள்விக்கு அஞ்சு மார்க்."

மேஜையின் அந்தக் கோடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரஞ்சன் பாபு சிரிக்கவில்லை.

"நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். பஸ்ஸில் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்திருந்தாள். ஆனாலும், விடைத்தாள்களுக்கு நடுவே, தம்பியின் முன்னால் நின்று சொல்லும்போது ஒத்திகை பார்த்ததில் பாதிதான் வெளியே வந்தது.

"பதினொண்ணாவது. முடிக்கலை."

அவள் கையில் இருந்த பையின் காதைத் திருகினாள். கட்டம் கட்டியதெல்லாம், ஓரத்தில் விட்ட இடைவெளியெல்லாம், அந்த மேஜை மேல் குழந்தை விளையாட்டு மாதிரித் தெரிந்தது.

"சரி. இந்தத் தாள்கள் எங்களிடம் சந்தேகத்தில் இருக்கின்றன என்று உங்களுக்கு யார் சொன்னது? இது வெளியே போகிற விஷயம் இல்லையே?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. பிரேம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தான். அவன் பக்கம் திரும்பக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

"பொண்ணுங்க கடையில பேசிக்கிட்டாங்க சார்."

சொல்லிவிட்டுத்தான் அவனைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இறங்கியிருந்தது. சின்ன வயதில் அப்பா அடிக்க வரும்போது, நான்தான் உடைத்தேன் என்று அவள் முன்னால் போய் நிற்பாளே, அப்போது வருமே, அதே முகம்.

ரஞ்சன் பாபுவின் குரல் கொஞ்சம் இளகியது. "மகேஸ்வரி என்றால் தென்னிந்தியரா? தமிழா? அட, நம்ம பிரேமும் தமிழ்தான். பிரேம், அவர் பையை எப்படித் திருகுகிறார் பாருங்கள். நீங்கள் உங்கள் மொழியில் நாலு வார்த்தை பேசுங்கள், தைரியம் வரட்டும்."

பிரேம் எழுந்தான். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு தமிழில் பேசினான்.

"என்னக்கா இது? ஏன் வந்தே?"

"பாவம் சார், அந்தப் பொண்ணுங்க" என்றாள் அவளும் தமிழில். சார் என்ற சொல் மட்டும் அறைக்குக் கேட்கும்படி விழுந்தது. "வருஷம் போயிரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க மாட்டிக்குவீங்க."

அவளுடைய வாழ்நாளில் தம்பியை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் சிரிப்பு ஒரு நொடி கலைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது.

"என்ன சொல்கிறார்?" என்றார் ரஞ்சன் பாபு.

பிரேம் வங்காளத்துக்கு மாறினான். "மன்னிப்புக் கேட்கிறார் சார். படிப்பு இல்லாததால் தெரியாமல் செய்துவிட்டாராம்."

அவள் நிமிர்ந்தாள். அவன் மேஜை மேல் இருந்த கட்டுக்கு நாடா கட்டத் தொடங்கிவிட்டான்.

ரஞ்சன் பாபு நியாயமான மனிதர். தாள்களை ரத்துக்கு அனுப்பவில்லை. எல்லாத் தாளிலும் ஐந்தாவது குறிப்பை அடித்துவிட்டு, எழுதிய நான்குக்கு நான்கு மதிப்பெண் போடச் சொன்னார். நோட்ஸை மகேஸ்வரியிடம் திருப்பிக் கொடுத்தார். "புத்தகத்தில் இல்லாததை இனிமேல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். இடம் காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும்." அவள் தலையாட்டினாள். படிக்கட்டில் இறங்கும்போது பின்னால் காலடி கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்கவில்லை. வரக் கூடாது என்றுதான் அவளும் நினைத்தாள், வந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஆனாலும் கீழ்ப்படி வரைக்கும் மெதுவாகத்தான் இறங்கினாள்.

அடுத்த ஞாயிறு அவள் லேக் கார்டன்ஸ் போகவில்லை. கடையில் வேலை என்று சுப்ரியாவிடம் சொல்லிவிட்டாள். பொய்யும் இல்லை. ஃபிட்டர், தையல், நர்சிங், கணக்கு என்று எல்லா நோட்ஸையும் எடுத்துவைத்து, தான் சேர்த்த வரிகளைத் தேடித் தேடி நீக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலைத் தொடுவதற்கு முன் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வரியில் கை கொஞ்சம் நின்றது. அதையும் எடுத்தாள்.

மறுவாரம் ஒரு சாயங்காலம், கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் பிரேம் வந்தான். இந்தக் கடைக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. எதிர்க் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் கவுண்டரில் நின்றிருந்தார்கள்.

"என்ன வேணும் சார்?" என்றார் மதுதா.

"நான் இவங்களோட..." என்று பிரேம் ஆரம்பித்தான்.

"எங்க ஊர்க்காரர்" என்று மகேஸ்வரி முடித்துவிட்டாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை, அதுவரை அவன் யாரென்று தெரியக் கூடாது. "ஏதாவது பிரதி எடுக்கணுமா சார்?"

அவன் விழித்தான். பையைத் துழாவி ஏதோ ஒரு தாளை எடுத்து நீட்டினான். பார்த்தால் மின்சார பில். அவள் அதை ஒழுங்காக ஓரம் பார்த்து வைத்துப் பிரதி எடுத்து, காசு வாங்கிப் பெட்டியில் போட்டாள். மதுதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஒன்றும் குழந்தை இல்லை. "டீ குடிச்சிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பெண்களும் போனார்கள்.

"அக்கா, உள்ளே வரட்டுமா?"

அவள் கவுண்டர் பலகையைத் தூக்கினாள். அவன் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். அடுக்கிலிருந்து ஒரு நோட்ஸை எடுத்துப் புரட்டினான். சமூகவியல்தான். குடும்பம் என்ற பக்கத்தில் நான்கு கட்டங்களும், கீழே ஒரு கட்டம் போகிற அளவுக்கு வெள்ளை இடமும் இருந்தன.

"நல்லா பண்ணியிருக்கேக்கா."

"பாக்காதே. வை. இன்னும் தப்பு இருக்கும்."

"எனக்கு ஏன் சொல்லவே இல்லை?"

"உனக்கு அசிங்கமா இருக்கும்னு நினைச்சேன்."

"அசிங்கமெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று சொல்ல வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். நோட்ஸை மூடி மடியில் வைத்துக்கொண்டான். வெளியே போகிற ஆட்டோக்களைப் பார்த்தபடி சொன்னான். "அன்னிக்கு அவர்கிட்ட... நீ என்ன சொன்னேன்னு அவர் கேட்டப்ப, நான் வேற மாதிரி சொல்லிட்டேன்."

"தெரியும்."

"நீ மன்னிப்புக் கேக்கலை."

"எனக்கும் வங்காளம் தெரியும்டா" என்றாள் மகேஸ்வரி. "உனக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

சிரிப்பான் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. நாற்பது வயசு, பேராசிரியர், மடியில் மஞ்சள் அட்டையை வைத்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலை அப்படித் தொங்குவதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அது தன் தவறுதான் என்றும் பட்டது, இல்லை என்றும் பட்டது. அவள் திரும்பிப்போய் பிரதி எடுக்க எதுவும் இல்லாத மெஷினைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் இரண்டு பேரும் பேசாமல் இருக்க முடிந்தது.